டிவிக்குப் பின்னாடி நின்னு பாக்கணும்

வயசானவங்களுக்கு இந்த எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரமெல்லாம் ஏறாதுன்னு எல்லாரும் ரொம்ப சாதாரணமா சொல்லிடறாங்க. சொல்றவங்க கெட்டவங்க இல்ல, நம்ம மேல அக்கறை உள்ளவங்கதான், ஆனா எனக்கு இதுல துளிகூட சம்மதம் இல்ல, கொஞ்ச நாளா மனசுல இதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன், எழுதியே தீத்துடலாம்னு உக்காந்துட்டேன். வீட்டுக்கு ஒரு பொருள் வருது. யாரோ வந்து மாட்டறாங்க, யாரோ ஒருத்தர் போன்ல இருந்து எதையோ போட்டு ஓட வைக்கறாங்க, "ஓடுது பாருங்க ஆன்ட்டி"ன்னுட்டு கிளம்பிடறாங்க. மறுநாள் காலையில இருந்து அந்தப் பொருளோட குடித்தனம் பண்ணப்போறது நாமதானே, நம்மகிட்ட ஒரு வார்த்தை, இது இங்க இருந்து வருது, இப்படிப் போகுது, நின்னுபோச்சுன்னா மொதல்ல இதைப் பாருங்கன்னு யாராவது சொல்றாங்களா? சொல்லாமயே விட்டுட்டு அப்புறம் ஏறலைன்னு சொன்னா என்ன நியாயம்.

நான் டெலிபோன்ஸ்ல வேலை பாத்து 2018-ல ரிடையர் ஆனவ. ஆரம்பத்துல வெளியூர் கால்களைக் கையால சேத்துக் குடுக்கற டிரங்க் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர், அப்புறம் வெளியூருக்கு நாமளே நேரா டயல் பண்ற எஸ்டிடி எல்லா ஊருக்கும் வந்ததும் வேற வேற செக்‌ஷன். வீடு நங்கநல்லூர். வீட்ல நானும் எங்க வீட்டுக்காரரும்தான், அவருக்கு காது கொஞ்சம் மந்தம். பொண்ணு புனேல இருக்கா. பல்லாவரத்துல இருக்கற என் அண்ணன் பையன்தான் எங்களுக்கு எல்லாத்துக்கும் ஓடி வருவான், தங்கமான பையன், இதுல அவனைப் பத்தி வர்றதெல்லாம் குறை இல்ல, நடந்தது அவ்வளவுதான்.

பொட்டி டிவி

எங்க பழைய டிவி 29 இன்ச் பொட்டி டிவி, ரெண்டு பேர் சேந்து தூக்கினாலும் மூச்சு வாங்கும். அது எத்தனையோ மாத்தத்தைப் பாத்துடுச்சு. 2003 செப்டம்பர்ல நாட்டுலயே மொதல்ல நம்ம சென்னையிலதான் கட்டண சேனல் பாக்கணும்னா செட் டாப் பாக்ஸ் வேணும்னு கொண்டு வந்தாங்க, ஞாபகம் இருக்கும், தெருவுக்குத் தெரு அதே பேச்சுதான். அப்பதான் டிவிக்குப் பின்னாடி மொதமொதல்ல மஞ்சள் வெள்ளை சிவப்புன்னு மூணு பின் வந்துச்சு. மஞ்சள்ல படம் வரும், வெள்ளையும் சிவப்பும் சத்தம். கேபிள்காரர் பையன் ஒரு தடவ சொல்லிக் கொடுத்தான், அதோட சரி, அதுக்கப்புறம் வீடு வெள்ளையடிக்கறப்ப, ஃபேன் மாத்தறப்ப எல்லாம் நானேதான் கழட்டி மாட்டுவேன். கலருக்குக் கலர் சேத்துட்டா படம் வந்துடும். அப்ப எனக்கு ஏறாம போகலையே.

போன வருஷம் அது படுத்துடுச்சு. படம் திடீர்னு ஒடுங்கும், அப்புறம் டப்புனு ஆஃப் ஆகும், ஒரு வாடை வேற. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்துட்டு, "எல்ஓடி போயிடுச்சும்மா, இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, இனிமே இதுக்கு செலவு பண்ணாதீங்க"ன்னு சொன்னார். அவர் நெனச்சிருந்தா எதையாவது மாட்டி ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போயிருக்கலாம், வாங்கல. சரி புதுசு வாங்கிடலாம்னு அண்ணன் பையனைக் கூட்டிக்கிட்டு உஸ்மான் ரோட்டுக்குப் போனோம்.

கடையில ஒரு செவுரு பூரா டிவி. சேல்ஸ்மேன் பையன் நல்லா பேசினான், ஆனா ஒரு வார்த்தை கூட என்கிட்ட பேசல, எல்லாம் என் அண்ணன் பையனைப் பாத்துதான். 4கே, ஹெச்டிஆர், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை ஜிபின்னு அடுக்கிக்கிட்டே போறான். பணம் கட்டப்போறது நான், பாக்கப்போறது நாங்க ரெண்டு பேர். நான் குறுக்க புகுந்து, "தம்பி, இதுக்குப் பின்னாடி என்னென்ன சொருகலாம்?"னு கேட்டேன். "எல்லாமே இருக்கு மேடம்"னான். பாக்கலாமான்னா எல்லா டிவியும் செவுத்தோட ஒட்டி மாட்டியிருக்கு, எதையும் திருப்பிக் காட்ட முடியாது. மளிகைக் கடையில பருப்பை அள்ளி முகந்து பாத்து வாங்கற ஊரு இது, முப்பதாயிரம் ரூபா பொருளோட பின்பக்கத்தைப் பாக்க முடியாதுங்கறது எனக்கு அன்னிக்கே உறுத்துச்சு. 43 இன்ச் ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டோம்.

மாட்ட வந்த பையன் கைவேலையில சுத்தம், அதைச் சொல்லியே ஆகணும், செவுத்துல லெவல் பாத்து நாலு ஓட்டை போட்டு அரை மணி நேரத்துல மாட்டிட்டான். வயரை எல்லாம் பின்னாடி சுருட்டி டேக் போட்டு இறுக்கினான். நான் பக்கத்துல போயி எது எதுல சொருகியிருக்கேன்னு காட்டுப்பான்னு கேட்டப்ப ஏணி மேல இருந்தே, "விடுங்கம்மா, உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, வீட்ல பசங்க இருப்பாங்கல்ல"ன்னான். மரியாதைக் குறைவா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான். அதுதான் என்னை விட மாட்டேங்குது. என்னைப் பாத்த உடனே அவனுக்கு இப்படித் தோணிடுச்சு, அது தப்புங்கற நெனப்பே அவனுக்கு இல்ல.

அண்ணன் பையன் அவனோட ஜிமெயில் ஐடியைப் போட்டு டிவியை ஓட வச்சான். அவசரத்துக்கு அது சரிதான். ஆனா மறுநாள்ல இருந்து டிவியைப் போட்டா அவன் பாக்கற கிரிக்கெட், அவன் பாக்கற பைக் வீடியோ, அவனுக்குப் புடிச்ச இங்கிலீஷ் சீரியல் இதெல்லாம்தான் வரிசையா வந்து நிக்குது. எங்களுக்கு வேண்டியது எங்க இருக்குன்னு தேடணும். கரண்ட் போயி வந்தா செட் டாப் பாக்ஸ் தனியா எழுந்திருக்கும், டிவி தனியா எழுந்திருக்கும், டிவி அதோட முகப்புல போயி நின்னுடும், கேபிள் சேனல் வராது. ரிமோட்ல நம்பரே கிடையாது, வழவழன்னு சோப்புக்கட்டி மாதிரி இருக்கு, எழுத்தும் இல்ல. அவனுக்கு போன் பண்ணினா, "அத்தை, இன்புட் போயி ஹெச்டிஎம்ஐ ரெண்டு குடுங்க, நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்"பான். இன்புட்னா என்னன்னு எனக்குத் தெரியும், அந்த ரிமோட்ல அது எந்த பட்டன்னுதான் தெரியல. அவன் ஆபீஸ்ல நாலு பேர் நடுவுல உக்காந்துக்கிட்டு எங்களுக்கு சேனல் மாத்திக் குடுக்கற நிலைமை. என் சொந்த வீட்டுக் கூடத்துல நான் விருந்தாளி ஆயிட்டேன்.

சத்தம் இருக்கு, பேச்சு கேக்கல

படம் என்னவோ கண்ணைப் பறிக்குது. சத்தம்தான் சரியில்ல. எங்க வீட்டுக்காரர் வால்யூமை ஏத்திக்கிட்டே போவார், பக்கத்து ஃபிளாட் வரைக்கும் கேக்கும், ஆனா "என்ன சொல்றான், என்ன சொல்றான்"னு என்னைக் கேப்பார். எல்லாரும் அவர் காதுக்கு மிஷின் வாங்குங்கன்னு சொன்னாங்க. பழைய பொட்டியில இவ்வளவு கஷ்டம் இல்லியே, அப்ப டிவிக்கும் இதுல பங்கு இருக்குல்ல?

இதுல எனக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும், வேலையில கத்துக்கிட்டது. டெலிபோன் லைன்ல 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரல் போகும், அதுக்கு மேல உள்ள கீச்சு சத்தம் எல்லாம் வெட்டுப்பட்டுடும். அதனாலதான் போன்ல எஸ் சொன்னா எஃப் மாதிரி கேக்கும், நாங்க ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பேரோட சேத்துச் சொல்லித்தான் ஊர் பேரை வாங்குவோம். வயசானா காதுலயும் மொதல்ல போறது இந்த மேல் சத்தம்தான். அ, ஆ, ஓ எல்லாம் பலமா கேக்கும், ச, த, ப, ட இதெல்லாம்தான் வார்த்தையை வார்த்தையா ஆக்கறது, அது நழுவிடும். பாட்டா, காட்டா, தாட்டான்னு தெரியாது. அப்ப வால்யூமை ஏத்தினா ஆ-வும் ஓ-வும்தான் இன்னும் கத்தும், தெளிவு வராது. இதோட இந்த ஒல்லி டிவிங்கள்ல ஸ்பீக்கர் முன்பக்கம் கிடையாது, கீழ பாத்தோ பின்னாடி பாத்தோதான் பெரும்பாலும் வச்சிருக்காங்க, சத்தம் செவுத்துல போயி முட்டி சுத்திக்கிட்டு வருது. பொட்டி டிவியில ஸ்பீக்கர் நம்ம மூஞ்சியைப் பாத்து பேசிச்சு.

சவுண்ட் பார் வாங்குங்கன்னாங்க. வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா எங்க கூடத்துல ஒரு ஆம்ப்ளிஃபையரும், ரெண்டு மரப்பொட்டி ஸ்பீக்கரும், ஒரு கேசட் டெக்கும் இருக்கு. 80-கள் கடைசியில அவர் ஓவர்டைம் காசு சேத்து வாங்கினது. டிசம்பர் சீசன்ல ரேடியோவுல வர்ற கச்சேரியை எல்லாம் அவர் அதுல பதிஞ்சு வச்சிருக்கார். இப்பவும் போட்டா குரல் எதுத்தாப்புல உக்காந்து பாடற மாதிரி கேக்கும். டிவியோட சத்தத்தை அது வழியா விட்டா என்னன்னு நான் கேட்டதுக்கு, பழசும் புதுசும் சேராது அத்தை, பேசாம காயலான் கடைக்குப் போட்டுட்டு இடத்தையாவது காலி பண்ணுங்கன்னு பதில் வந்துச்சு. எல்லாரும் இதையே சொன்னாங்க. சேராதுன்னு சொன்ன ஒருத்தரும் எதனால சேராதுன்னு சொல்லல.

ரிச்சி ஸ்ட்ரீட்

ஒரு நாள் காலையில கிளம்பிட்டேன். நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறினா அரசினர் தோட்டம் வரைக்கும் ஒரே ரயில், ஏசியில உக்காந்துக்கிட்டே போயிடலாம், அங்க இருந்து மவுண்ட் ரோட்டைத் தாண்டி நடந்தா எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட். முன்னாடி எல்லாம் அவரோட ஸ்கூட்டர்ல போனது, தனியா இதுதான் மொத தடவ. நரசிங்கபுரம் தெருவுக்குள்ள நுழைஞ்சா தெருவே மாறல, வயர் மூட்டை, பேட்டரி, ட்ரைசைக்கிள், "என்ன வேணும் மேடம், சிசிடிவியா லேப்டாப்பா"ன்னு ஒவ்வொரு படியில இருந்தும் கூப்பிடறாங்க. பெரிய கடைங்கள்ல ரெண்டு மூணு எடத்துல கேட்டேன், சவுண்ட் பாரையே காட்டினாங்க. அப்புறம் ஒரு சின்ன கடை, அகலம் நாலடி இருக்கும், உள்ள ஒரு மனுஷர், தலை நரைச்சிருக்கு, கண்ணாடியை நெத்தி மேல தூக்கி விட்டுக்கிட்டு எதையோ சால்டர் பண்ணிக்கிட்டு இருந்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட மொத கேள்வி, "டிவிக்குப் பின்னாடி என்னென்ன இருக்கும்மா, போட்டோ எடுத்திருக்கீங்களா?" எடுத்திருந்தேன். செவுத்துக்கும் டிவிக்கும் நடுவுல போனை நுழைச்சு கண்ணை மூடிக்கிட்டு எடுத்த போட்டோ, இருட்டா இருந்தாலும் அவர் பெருசு பண்ணிப் பாத்து, "இதோ, ஆப்டிகல் அவுட் இருக்கே, அப்புறம் என்ன"ன்னார். ஆம்ப்ளிஃபையர் போட்டோவையும் பாத்தார். பின்னாடி ஃபோனோ, ட்யூனர், டேப், ஆக்ஸ்னு வரிசையா சிவப்பு வெள்ளை ஓட்டைங்க.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதைத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கல்லா மேல ஒரு பழைய டிவி போர்டை வச்சு ஆன் பண்ணினார். ஓரத்துல ஒரு குட்டி சதுர ஓட்டை, அதுக்கு ஒரு மூடி மாதிரி இருக்கு, விரலால தள்ளினா உள்ள செவப்பா ஒரு வெளிச்சம். "இதுதாம்மா சத்தம். வெளிச்சமா வருது." ஒரு மெல்லிசான கறுப்பு வயரை எடுத்து ரெண்டு முனையிலயும் இருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழட்டிக் காட்டினார், இதைக் கழட்டாம சொருகிட்டு ஓடலை ஓடலைன்னு நெறைய பேர் திரும்பக் கொண்டு வர்றாங்களாம். வயரை என் கையில குடுத்துட்டு, "நீங்க சொருகுங்க"ன்னார். அவர் சொருகல. அந்த முனை ஒரு பக்கம் மட்டும் மூலை வெட்டின மாதிரி இருக்கு, ஒரே ஒரு திசையிலதான் போகும், திருப்பிப் பாத்து அழுத்தினேன், டிக்னு உக்காந்துச்சு. இன்னொரு முனையைப் பாருங்கன்னார். அந்த மெல்லிசு வயரோட நுனியில குண்டூசித் தலை அளவு செவப்பு வெளிச்சம் நிக்குது. அதைத் தீப்பெட்டி அளவு ஒரு பொட்டியில சொருகச் சொன்னார், அந்தப் பொட்டியோட மறுபக்கம் நமக்குப் பழக்கமான சிவப்பு வெள்ளை பின். "லைட்டை இது கரண்டா மாத்திடும். இங்க இருந்து வருது, இங்க போகுது. எது இன், எது அவுட்னு மட்டும் பாருங்கம்மா, பொருள் புதுசா பழசான்னு பாக்கவே பாக்காதீங்க, அவுட்ல இருந்து எடுத்து இன்ல குடுத்தா பேசும்."

நான் அந்தக் கல்லா முன்னாடி அப்படியே நின்னுட்டேன். இதைத்தானே நான் வருஷக்கணக்கா செஞ்சேன். எக்ஸ்சேஞ்ச்ல எங்க முன்னாடி போர்டு, போர்டு பூரா ஜாக், கீழ ஜோடி ஜோடியா கார்டு, அதாவது நுனியில சொருகற முனை வச்ச வயர், பின்வரிசையில ஒண்ணு, முன்வரிசையில ஒண்ணு. லேம்ப் எரிஞ்சா பின்வரிசை கார்டை எடுத்து சொருகி "நம்பர் ப்ளீஸ்", முன்வரிசை கார்டை எடுத்து அந்த ஊர் லைன்ல சொருகி, கீயைத் தள்ளி ரிங் குடுத்து, பேச ஆரம்பிச்சதும் டிக்கெட்ல நேரம் எழுதணும். அவசரத்துக்குத் தகுந்த மாதிரி ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங், அப்புறம் குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுப் பேசற பிபி கால். ராத்திரி டியூட்டியில ஊருக்குள்ள நடக்கற பொறப்பு எறப்பு எல்லாம் எங்க கை வழியாத்தான் போகும். எது உள்ள வர்ற லைன், எது வெளிய போற லைன், எது செத்துப்போச்சு, எதை எதோட சேக்கணும், இது எங்க விரலுக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைப் பாத்துதான் ஒருத்தன் வயர் உங்களுக்கு எதுக்குன்னு சொல்லிட்டுப் போனான், நானும் பேசாம நாற்காலியில போயி உக்காந்தேன். அந்தக் கோவம் எனக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல நிக்கறப்பதான் வந்துச்சு, அங்க வேடிக்கை பாக்கற யாருக்கும் தெரியாது.

பொட்டியும் வயரும் சேந்து சில நூறு ரூபாதான். காசு வாங்கிட்டு அவர் ரெண்டு விஷயம் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தார். ஒண்ணு, டிவி செட்டிங்ல சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட்டுக்குள்ள போயி பிசிஎம்னு வைக்கணும், டால்பின்னு இருந்தா இந்தச் சின்னப் பொட்டிக்குப் புரியாது, ஒண்ணும் வராது, இல்லன்னா கரகரன்னு இரையும். ரெண்டு, ஆம்ப்ளிஃபையர்ல ஆக்ஸ்ல குடுங்க, ஃபோனோவுல குடுக்காதீங்க, அது இசைத்தட்டு முள்ளுல இருந்து வர்ற துளியூண்டு சத்தத்தைப் பெருசு பண்றதுக்குன்னு வச்சது, இதை அங்க விட்டா காது கிழியும். ரெண்டே வரி. இந்த ரெண்டு வரியை டிவி விக்கறவங்க யாரும் எழுதித் தர்றதில்ல, டப்பாவைத் தெறந்தா ஒரு மடிச்ச பேப்பர், அதுல ஒரு க்யூஆர் கோடு.

செவுத்துல இருந்து எறக்கினது

வீட்டுக்கு வந்து மொதல்ல டிவியை செவுத்துல இருந்து எறக்க வச்சேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பாக்க அழகா இருந்துச்சேன்னார். அழகுதான், ஆனா பின்னாடி கை போகாத டிவி எனக்கு வேண்டாம். டப்பாவுல வந்த கால் ரெண்டும் பிரிக்காம அப்படியே இருந்துச்சு, அதை மாட்டி பழைய டிவியோட தேக்கு டேபிள் மேலயே வச்சாச்சு, செவுத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் குனிஞ்சு பாக்கற எடம் விட்டு. செவுத்துலதான் வேணும்னா முன்னாடி இழுக்கற மாதிரி கை வச்ச ஸ்டாண்டு கிடைக்குது, அதைக் கேட்டு வாங்கிப் போடுங்க. பெரியவங்க மட்டும் இருக்கற வீட்ல செவுத்தோட ஒட்டி மாட்டவே கூடாதுங்கறது என் கட்சி. வயரைப் பாக்க முடிஞ்சாத்தான் எது கழண்டிருக்குன்னு தெரியும்.

சொருகினேன். சீட்டைப் பாத்து பிசிஎம் வச்சேன். ஆம்ப்ளிஃபையர்ல ஆக்ஸுக்குத் திருப்பி, டிவியோட சொந்த ஸ்பீக்கரை அணைச்சேன். மதியச் செய்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர் நிமிந்து, "செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டம்"னு அந்தப் பொண்ணு வாசிக்கறதைக் கூடவே சொன்னார். என்னை எதுவும் கேக்கல. வால்யூம் முன்னாடி இருந்ததுல பாதி கூட இல்ல. இந்த ஆப்டிகல்ல வர்ற சத்தம் எங்க டிவியில எப்பவும் ஒரே அளவுதான், ரிமோட்டால ஏறாது எறங்காது, ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருகித்தான் ஆகணும். இது குறைன்னு சொல்லுவாங்க. அவருக்கு இதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு, எழுந்து போயி குமிழைத் திருகிட்டு வந்து உக்காறார், தேவைப்பட்டா மேல் சத்தத்துக்கான ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்திக்கறார், பேச்சு இன்னும் தெளிவாகுது.

வயருக்கெல்லாம் பேர் ஒட்டினேன். மருந்துக்கடை வெள்ளை பிளாஸ்திரியைக் கிழிச்சு, ரெண்டு முனையிலயும், தமிழ்ல. "கேபிள் பாக்ஸ் – டிவி 2", "டிவி சத்தம் – குட்டிப் பொட்டி", "குட்டிப் பொட்டி கரண்ட்". எக்ஸ்சேஞ்ச்ல ஒவ்வொரு ஜாக்குக்கும் மேல பட்டை எழுதி வச்சிருப்போம், பேர் இல்லாத லைன் யாருக்கும் உதவாது. அப்புறம் அண்ணன் பையனை ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச்சொல்லி, சாப்பாடு ஆனதும் சொன்னேன், "கண்ணா, உன் ஐடியை எடுத்துடு, என் பேர்ல ஒண்ணு போடலாம், நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, ரிமோட் என் கையிலயே இருக்கட்டும்." அவனுக்குக் கையெல்லாம் பரபரங்குது, ரெண்டு தடவ ரிமோட்டை வாங்கப் பாத்தான், குடுக்கல. ஓடிபி என் போனுக்கு வந்துச்சு, பாஸ்வேர்டு என் டைரியில இருக்கு. மெனுவைத் தமிழுக்கு மாத்திக்க வழி இருந்துச்சு, மாத்தினோம். மைக் பட்டனை அமுக்கி தமிழ்ல சொன்னாலே யூட்யூப்ல தேடித் தருது, இதை அவன் மொத நாளே காட்டியிருந்தா நான் ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு இருந்திருக்க வேண்டாம். அவனே சொன்னான், "நான் செஞ்சு குடுத்தா உங்களுக்கு சுலபம்னு நெனச்சேன் அத்தை." நல்ல மனசுதான். எனக்கு அவன் செஞ்சு குடுக்கறது பெருசில்ல, அவன் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்தான் பாருங்க, அதுதான் பெருசு.

இன்னொண்ணு சொல்லியாகணும். எதாவது ஓடலைன்னா உடனே கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க. எங்க காலத்துல 197 போட்டா ஒரு ஆள் எடுப்பாங்க, சரியான நம்பர்தான் சொல்லுவாங்க, அது எங்க பொறுப்பு. இப்ப தேடினா வர்ற நம்பர்ல போலியும் இருக்கு, எடுக்கறவன் நம்மளை விட பணிவா பேசுவான், போன்ல ஒரு ஆப் ஏத்துங்க, ஓடிபி சொல்லுங்கன்னு கேட்டு பேங்க் கணக்கைத் தொடைச்சுடுவான். பில்லுலயோ வாரண்டி அட்டையிலயோ இருக்கற நம்பரை மட்டும் போடுங்க. பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, அது சைபர் க்ரைம் உதவி எண். பசங்ககிட்ட திட்டு விழும்னு பயந்து சொல்லாம இருக்கறவங்க நெறைய பேர், எதையும் தொடாதீங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பயமே வருது.

பழைய பொட்டி டிவியை காயலான் கடையில போட எனக்கு மனசு வரல. அந்தக் கண்ணாடிக் குழாய்ல ஈயம் இருக்கு, செம்புக்காக ஒடைச்சுட்டு மிச்சத்தைக் குப்பையில கொட்டிடுவாங்க. மின்கழிவு பத்தி 2022-ல போட்ட விதி 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு, பொருள் தயாரிக்கற கம்பெனிக்கே மறுசுழற்சிப் பொறுப்பு. அங்கீகாரம் உள்ள ஒரு இடத்துக்கு டெம்போ வச்சு அனுப்பிட்டோம், டெம்போ கூலி அவங்க தந்த காசை விட ஜாஸ்திதான், பரவால்ல.

இதெல்லாம் கேள்விப்பட்டு எங்க மாடியில இருக்கற மாமி வந்தாங்க. அவங்க கல்யாண வீடியோ கேசட், 1991-ல எடுத்தது, வீட்டுக்காரர் தவறிட்டார், அவரோட குரல் இருக்கறது அந்த ஒரு டேப்புலதான். பொண்ணு, கேசட்டை ஓட்டற விசிஆரே கிடையாது, இதை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போறேன்னு கேட்டாளாம். பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டு இருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய் 2016 ஜூலையில நிறுத்திடுச்சு. ஆனா விசிஆருக்குப் பின்னாடியும் அதே மஞ்சள் வெள்ளை சிவப்புதானே. அதை வாங்கிக்கற யூஎஸ்பி பொட்டி ஒண்ணு ரிச்சி ஸ்ட்ரீட்ல பாத்தேன், அதை லேப்டாப்ல சொருகி விசிஆரை ஓடவிட்டா பதிவாயிடும், மூணு மணி நேர டேப்புன்னா மூணு மணி நேரமும் ஓடணும், வேகமா எடுக்க முடியாது. கேசட்டை வெளிச்சத்துல காட்டிப் பாத்தேன், கேசட் மேல இருக்கற சின்ன ஜன்னல் வழியா டேப் ஓரத்துல வெள்ளையா தூள் மாதிரி தெரியுது, நம்ம ஊர் ஈரத்துக்கு வர்ற பூஞ்சை. அப்படியே போட்டா டேப்பும் போகும், விசிஆர்ல டேப்பைப் படிக்கற ஹெட்டும் கெடும், மொதல்ல சுத்தம் பண்ணணும், அதுக்கு ஒரு ஸ்டுடியோக்காரரைப் பேசி வச்சிருக்கேன். மாமி கிட்ட வயரை நீங்கதான் சொருகணும்னு இப்பவே சொல்லிட்டேன், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

விசிஆர்தான் இன்னும் கிடைக்கல. பர்மா பஜார்ல விசாரிச்சாச்சு, ரெண்டு இடத்துல இருந்துச்சு, ரெண்டும் ஓடல. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மாம்பலம் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது ஓடற நிலைமையில ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நாங்களே ஆட்டோவுல வந்து எடுத்துட்டுப் போயி, வேலை முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொண்டு வந்து குடுத்துடறோம். குடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடி ஒரு தடவ பாத்துடுங்க, அவுட்னு போட்டிருக்கற பின் மூணும் உடையாம இருக்கணும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.